பல்லாரி ரயில் பாதையும் விக்டோரியா அரங்கும்

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர். புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி, அரக்கோணம் என்று தெலுங்குப் பெயர்ப்பலகைகள் தமிழாக மாறிவரும் பாதை. சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகையை நோக்கி நடப்பவர், இடையில் ஒதுங்கி நிற்கும் செங்கல் கட்டடம் ஒன்றைக் காணாமல் கடந்துவிடுவது எளிது. ஒருபுறம் நிலையத்தின் நெரிசல், மறுபுறம் மாநகராட்சியின் வெண்மாளிகை. நடுவில் இருப்பது விக்டோரியா பொது அரங்கு. முதலில் டவுன் ஹால், நாடகக்காரர்களின் பேச்சில் வி.பி. ஹால்.

நகருக்கென ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று சென்னைப் பிரமுகர்கள் 1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிப் பேசினர். அரசு கட்டித் தந்ததன்று. நன்கொடை திரட்டி எழுப்பியது. 1883 டிசம்பர் 17 அன்று அடிக்கல் நாட்டிய விஜயநகரம் ஜமீன்தார் ஆனந்த கஜபதி ராஜு பெருங்கொடையாளர்களுள் ஒருவர். பீப்பிள்ஸ் பார்க் பூங்காவின் ஒரு பகுதி 99 ஆண்டுக் குத்தகையில் இடமாகக் கிடைத்தது. வரைபடம் ராபர்ட் சிஸ்ஹோமுடையது; கட்டியவர் நம்பெருமாள் செட்டி. அரசி முடிசூடி ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி விக்டோரியாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. தெலுங்கு ஜமீன்தாரின் கொடை, ஆங்கிலேயரின் வரைபடம், சென்னைச் செட்டியாரின் செங்கல், பேரரசியின் பெயர்: மாகாணத் தலைநகர் எவ்வாறு உருவானது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இக்கட்டடத்தை ‘இந்தோ-சாரசனிக்’ என்ற ஒற்றைச் சொல்லால் கையேடுகள் முடித்துவிடுகின்றன. அச்சொல் விளக்குவதைவிட மறைப்பதே மிகுதி. பூச்சில்லாத செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சுவரின் உடல். வடக்கிலும் கிழக்கிலும் வளைவு வரிசையுடன் ஓடும் தாழ்வாரங்களைத் தாங்கும் மெல்லிய தூண்கள் கொரிந்தியச் சாயல் கொண்டவை. சதுரக் கோபுரம் மூன்று நிலை. அதன் மேல் கூம்பிய கூரை. கூரைக்குக் கீழே ஓடும் சுடுமண் வேலைப்பாட்டை அண்ணாந்து பார்ப்பவருக்கு அரபு எழுத்தணி நினைவுக்கு வரும். அந்தக் கூரையோ பள்ளிவாசலையும் ஒக்காது, கிரேக்கக் கோயிலையும் ஒக்காது. கேரளத்துச் சரிகூரைகளுக்கு நெருக்கமானது. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தை வரைந்தவரும் சிஸ்ஹோமே என்பதை மனத்தில் கொண்டால் இதில் வியப்பில்லை. மேற்கு, இஸ்லாமியம், கேரளம் என்று மூன்று மரபுகளையும் ஒரே கட்டடத்தில் அவர் சண்டையில்லாமல் நிறுத்தியிருக்கிறார். உள்ளே தரைத்தளத்தில் ஒன்றும் முதல் தளத்தில் ஒன்றுமாக இரு பெருங்கூடங்கள். ஒவ்வொன்றிலும் அறுநூறு பேருக்கு மேல் அமரலாம். கிழக்குப் பக்கத்து மரப் பரணில் மேலும் இருநூறு பேர். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலத்தில், பரணின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுவதும் பேசுவதும் நடிகரின் தொண்டையைப் பொறுத்த செய்தி.

எனினும் இவ்வரங்கின் வரலாற்று முக்கியத்துவம் சுவரில் இல்லை, மேடையில் இருக்கிறது. அம்மேடைக்கான விதை பல்லாரியிலிருந்து வந்தது.

1891இல் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் தலைமையிலான பல்லாரி சரச வினோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. பார்வையாளர்களுள் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார்: பம்மல் சம்பந்தம். அதுவரை தமிழ் நாடகத்தின்பால் அவருக்கு மதிப்பில்லை. மேடையில் நின்றவர்கள் கூலிக்கு ஆடுவோர் அல்லர், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் என்பதே அவரை உலுக்கியது. ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் அவரே இதைப் பதிவுசெய்கிறார். அவ்வாண்டே ஜூலை முதல் நாள் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அச்சபையின் நாடகங்கள் பல ஆண்டுகள் அரங்கேறிய இடம் வி.பி. ஹால்.

பல்லாரியிலிருந்து சென்னைக்கு அன்று இயல்பான வழி ரயிலே. குண்டக்கல், கடப்பை, ரேணிகுண்டா, அரக்கோணம் என்று வரும் அப்பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. பருத்தியும் தபாலும் துருப்புகளும் செல்லப் போடப்பட்ட தண்டவாளத்தில் திரைச்சீலைகளும் ஆடைப் பெட்டிகளும் வந்தன. தமிழ் நாடக வரலாறுகள் ‘பல்லாரிக் குழு’ என்று ஒரு வரியில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகின்றன. பல்லாரியில் இருந்ததோ ஒரு முழு நாடகச் சூழல். தர்மவரத்தாருக்குப் போட்டியாக கோலாசலம் சீனிவாசராவ் அங்கே சுமனோரமா சபையை நடத்தினார்; இருவரும் வக்கீல்கள். தர்மவரத்தாரின் சகோதரி மகன்தான் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பல்லாரி ராகவா, அவரும் வக்கீல். நீதிமன்றத்தில் பகல் முழுதும் வாதாடியவர்கள் மாலையில் ஒப்பனை பூசியது அவ்வூரில் இழுக்காகக் கருதப்படவில்லை.

அந்தக் கௌரவத்துக்கு ஒரு விலையும் இருந்தது. படித்தவர் நடிக்கலாம் என்ற புதிய மதிப்பு, தொழில்முறையாக நடித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ‘கூத்தாடி’ என்ற வசை அவர்களிடமே தங்கியது. ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டுத் தமிழ் நாடகத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களே. சபையின் மேடையில் பெண்களும் இல்லை. நாயகி வேடங்களில் புகழ்பெற்றவர் சி. ரங்கவடிவேலு என்னும் ஆண். வி.பி. ஹாலின் வளைவுகளை வியக்கும் எழுத்துகள், அவற்றினூடே யார் நுழைய முடிந்தது என்பதைக் கேட்பது அரிது. தொழிலாளர் கொட்டகைகளுள் ஒன்றேனும் இப்படிச் செங்கல்லில் எழுந்திருந்தால் வரலாறு எழுதுவோரின் கண்ணும் வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடும்.

இம்மண்டபத்தில் நாடகம் மட்டும் நிகழவில்லை. 1897 பிப்ரவரி 9 அன்று, மேலைநாட்டிலிருந்து திரும்பியிருந்த விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். சென்னையின் தொடக்ககாலச் சலனப்படக் காட்சிகளும் இங்கே நடந்தன. பின்னர் நகரின் கலை நடமாட்டம் மயிலாப்பூர், தியாகராய நகர் என்று தெற்கே நகர, அரங்கு வாடகைக் கூடமாகிப் பூட்டிய கதவாகியது. சீரமைப்பு முயற்சிகள் இடையிடையே நடந்தன; அண்மையது 2023இல் மாநகராட்சி தொடங்கியது.

எல்லைகள் இடையில் மாறின. ரேணிகுண்டாவை உள்ளடக்கிய சந்திரகிரி தாலுகா வடாற்காட்டிலிருந்து பிரிந்து 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. சென்னை யாருக்கு என்ற சச்சரவு கசப்பை விட்டுச்சென்றது. பல்லாரியோ மைசூருக்குப் போயிற்று. ஒரே மாகாணத்து நாடக வரலாறு அதன்பின் மூன்று மொழித் துறைகளின் மூன்று அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. பம்மலை வாசிக்கும் மாணவர் தர்மவரத்தாரை வாசிப்பதில்லை, அங்கும் அப்படியே. இருவரும் சாரங்கதரன் கதையை நாடகமாக்கியவர்கள் என்பதுகூட ஒப்பீட்டுக்கு வராத செய்தியாக நிற்கிறது.

அக்கதை சித்தூருக்கும் வந்தது. அவ்வூர் ராம விலாச சபையில், மகனிறைப் பெற்றவன் மனைவியாக வந்து மாற்றாள் மகனை விரும்பும் சித்ராங்கியின் வேடம் பூண்டு மேடையேறிய இளைஞர் பின்னாளில் சித்தூர் வி. நாகையா ஆனார். 1941இல் வெளிவந்த ‘அசோக்குமார்’ தமிழ்ப் படத்தில் ஏறத்தாழ அதே கதை. இளவரசன் குணாளனாக எம்.கே. தியாகராஜ பாகவதர். சித்தியின் சொல்லை நம்பி மகனைத் தண்டிக்கும் பேரரசன் அசோகனாக அதில் நடித்தவர் நாகையா.