ஆண்மைக்கு ஓர் அளவுகோல்

"ஆண்மை குறைந்துவிட்டதா? அஞ்சேல்! எம்மிடம் வருக!" - பேருந்து நிலையச் சுவர்களிலே இந்த அழைப்பு. இன்ன நாள், இன்ன விடுதி, இன்ன அறை! இருட்டிய பின், தலைகுனிந்து செல்கிறான் இளைஞன். நாடி பிடிக்கப்படுகிறது, நரம்புத் தளர்ச்சி என்று தீர்ப்பு வருகிறது, லேகியம் கைக்கு வருகிறது, சம்பளம் கைமாறுகிறது. எதை அளந்தார் அந்த வைத்தியர்? இளைஞனின் அச்சத்தை, அதை மட்டுமே!

தோழர்களே! அளக்காமல் நம்பும் நோய் நமக்கு மட்டும் உரியதன்று. மேலை நாட்டு அறிஞரும் அதிலே வீழ்ந்தனர். ஆனால் விஞ்ஞானம் எழுந்து நின்றது. அந்த வரலாறு அறியத்தக்கது.

1849. ஜெர்மானிய நகரான கோட்டிங்கனில் பெர்த்தோல்ட் எனும் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை ஆராய்ந்தார். விதை நீக்கப்பட்டவை கொண்டை சிறுத்தன. கூவலையும் சண்டையையும் மறந்தன. வயிற்றினுள் விதை வைக்கப்பட்டவையோ, பழைய நரம்புத் தொடர்பு அறுந்தும் கூவின, கொக்கரித்தன! இரத்தத்தின் வழியே ஏதோ பொருள் உடலை இயக்குகிறது என்றார் அவர். வரமன்று, முன்வினையன்று - பொருள்!

1889. பாரிஸ் நகரிலே, 72 வயது பேரறிஞர் பிரௌன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தம் உடலிலே ஊசியால் ஏற்றிக்கொண்டார். இளமை திரும்பிற்று என்று அவையிலே அறிவித்தார். பிடியின் வலுவைக் கருவி கொண்டு அளந்தார். ஊசியில் இருந்தது எவ்வளவு என்பதையோ அளக்கவில்லை - அதற்கு அன்று வழியுமில்லை. பின்னாளில் ஆய்ந்தபோது விடை கிடைத்தது: நீரில் எளிதில் கரையாத அப்பொருள், அந்தச் சாற்றிலே பயன்தரும் அளவில் இருக்க முடியாது! திரும்பியது இளமையன்று, நம்பிக்கை. அறிஞரையே ஏமாற்றிய நம்பிக்கை, நம் இளைஞனை விட்டுவிடுமா?

பொருளைப் பிடிக்கப் பெரும்பாடு பட்டனர். 1931இல் பூட்டனான்ட், ஏறத்தாழ 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் எடுத்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர், ஏறத்தாழ 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் பிரித்து, டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டே அது ஆய்வுக்கூடத்திலும் உருவாக்கப்பட்டது.

ஆனால் மனிதனின் இரத்தத்திலே அது நானோகிராம் கணக்கிலன்றோ உள்ளது! ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு! இத்துணைச் சிறிதை அளப்பதெங்ஙனம்? வழி திறந்தவர் ஒரு பெண் - நியூயார்க்கின் ரோசலின் யாலோ. இலினாய் பொறியியல் கல்லூரியின் 400 ஆசிரியரிடையே ஒரே பெண்ணாக நின்றவர். தோழர் பெர்சனுடன் சேர்ந்து, கதிரியக்கம் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1950களின் இறுதியில் கண்டார். 1977இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையே பின்னர் டெஸ்டோஸ்டிரோனையும் அளந்தது. பெண்ணுக்கு அறிவேது என்று பேசிய ஆண்மையை அளக்க, பெண்ணறிவே கோல் தந்தது!

இன்று செய்யத்தக்கது யாது? காம விருப்பம் குன்றல், விறைப்பின்மை, நீங்காத சோர்வு இருப்பின், முறையாகப் பயின்ற மருத்துவரிடம் செல்லுதல். காலையிலே, வெறும் வயிற்றிலே, இரு வேறு நாட்களில் இரத்தம் சோதித்தல். காலையில் உயர்ந்து மாலையில் தாழும் பொருளாதலின், ஒரே சோதனை போதாது. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே எனில் குறைவு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் வகுத்த வரை. குறைவு உறுதியானால், குற்றம் விதையிலா, மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலா என்று காண மற்றொரு சோதனை. குறைவில்லையெனில், நீரிழிவோ மனக்கவலையோ காரணமாகலாம், அதைத் தேடவேண்டும். தேவையின்றி டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தியே குன்றும். ஆண்மை தேடப்போய், தந்தையாகும் வாய்ப்பை இழப்பதா?

குறைவென்று எண் காட்டினாலும் அது நோய், இழிவன்று. கண்ணுக்குக் கண்ணாடி அணிபவன் நாணுகிறானா?

இருட்டிலே விடுதியைத் தேடாதீர், இளைஞர்களே! பகலிலே, தலைநிமிர்ந்து, சோதனைக் கூடத்துக்குச் செல்லுங்கள். நாணம் எத்தனுக்கு முதல். அளவுகோலோ அவனுக்கு எமன்!