சேதனப் பல்பகுதியச் சூரியக் கலங்கள்: வினைத்திறனின் வரலாறும் ஒரு முரண்பாடும்

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்னும் வலுவுடனேயே உள்ளது. சேதனப் பல்பகுதியங்களாலான சூரியக் கலங்களின் வினைத்திறன் உயர்ந்தவாற்றை ஆராயுமிடத்து அம்மரபின் போதாமை புலனாகின்றது. இவ்வளர்ச்சியை உந்திச் சென்றது பொருளினுள்ளேயே பொதிந்திருந்த ஒரு முரண்பாடு என்பதே எமது கருத்தாகும்.

1954 இல் பெல் ஆய்வுகூடம் வெளிப்படுத்திய சிலிக்கன் கலத்தின் வினைத்திறன் ஏறத்தாழ 6 சதவீதமாகும். அக்காலத்திற் பல்பகுதியங்கள் பொதுவாக மின்காவலிகளாகவே கருதப்பட்டன. 1977 இல் சிராகவா, மக்டயாமிட், ஹீகர் ஆகியோர், அயடீன் போன்றவற்றைச் சேர்ப்பதன் மூலம் பொலிஅசற்றிலீனின் மின்கடத்துதிறனைப் பன்மடங்கு உயர்த்தலாமெனக் காட்டினர். பழைய கருத்துத் தகர்ந்தது. 2000 இல் இம்மூவருக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும், மின்னைக் கடத்துதல் வேறு. ஒளியை மின்னாக்குதல் வேறு. சிலிக்கனில் ஒளி பட்டதும் இலத்திரன் எளிதில் விடுபடுகின்றது. பல்பகுதியத்திலோ இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் பிணைந்த சோடியாகவே நிற்கின்றன. அச்சோடி அழியுமுன் நகரக்கூடிய தூரம் ஏறத்தாழ 10 நனோமீற்றர் மாத்திரமே. ஒளியைப் போதியளவு உறிஞ்சுவதற்கோ ஏறத்தாழ 100 நனோமீற்றர் தடிப்புடைய படலம் வேண்டும். ஒளி தடிப்பை வேண்டுகின்றது. மின் மெலிவை வேண்டுகின்றது.

1986 இல் கொடாக் நிறுவனத்தின் டாங், சிறு மூலக்கூறுகளாலான இரு படைகளைப் பொருத்தி ஏறத்தாழ 1 சதவீத வினைத்திறனைப் பெற்றார். ஆயின், படைகள் சந்திக்கும் எல்லையை அண்டிய சோடிகளே அங்கு பிரிந்தன. 1992 இல், பல்பகுதியத்திலிருந்து புலரீன் என்னும் காபன் மூலக்கூறுக்கு இலத்திரன் மிக விரைவாகத் தாவுவதை ஹீகர் குழுவினர் கண்டனர். 1995 இல் அவர்கள் இவ்விரு பொருள்களையும் ஒரே படலத்திற் கலந்தனர். எல்லை படலமெங்கும் பரவியது. தடிப்பைக் குறைக்காமலே தூரம் குறைந்தது.

ஒரு முரண்பாட்டின் தீர்வு மற்றொன்றைத் தோற்றுவித்தது. கலவை நுண்மையாயின் சோடிகள் பிரியும். ஆயின் பிரிந்த ஏற்றங்கள் வெளியேறத் தொடர்ச்சியான வழிகளும் வேண்டும். 2001 இல் ஒஸ்திரிய ஆய்வாளர்கள் கரைப்பானை மாற்றியே 2.5 சதவீதத்தை எட்டினர். 2005 இல், கலவைப் படலத்தைத் தக்கவாறு சூடாக்குவதன் மூலம் ஏறத்தாழ 5 சதவீதம் பெறப்பட்டது. 2019 இல் சீன ஆய்வாளர்கள் புலரீனுக்குப் பதிலாகப் புதிய ஏற்பி மூலக்கூறொன்றை அமைத்து 15 சதவீதத்தைத் தாண்டினர். பின்னர் ஆய்வுகூடக் கலங்கள் 19 சதவீதத்தையும் கடந்தன.

ஆயினும், இவ்வெண்கள் பெரும்பாலும் மிகச் சிறிய பரப்புடைய கலங்களுக்குரியவை. ஒட்சிசன், ஈரம், வெப்பம், ஒளி என்பன இப்பொருள்களைச் சிதைக்கின்றன. அச்சிடத்தக்க மலிவான கலங்களை வாக்களித்த அமெரிக்காவின் கொனாக்கா நிறுவனம் 2012 இல் வங்குரோத்தடைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆய்வுகூடத்தின் சதவீதம் வீட்டுக் கூரையின் மின்சாரமாவதற்கு ஆயுளும் பரப்பும் விலையும் ஒருங்கே துணைநிற்க வேண்டும். இவற்றைப் புறந்தள்ளி வினைத்திறனை மட்டும் அளக்கும் வரலாறு, விஞ்ஞானத்தின் வெற்றியைக் கூறுமேயன்றி, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்பதைக் கூறாது.