மழையில் சடன் பிரேக்: ஏபிஎஸ் எப்படி வேலை செய்கிறது? எதைச் செய்யாது?

மழை நேரம். பைக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். திடீரென ஒரு நாய் குறுக்கே வருகிறது. பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டி என்றால், முன்சக்கரம் லாக் ஆகி கீழே விழ வாய்ப்பு அதிகம்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சுமார் 44.5% பேர் டூவீலரில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

சக்கரம் ஏன் லாக் ஆகிறது?

ஈரச் சாலையில் டயருக்குப் பிடிமானம் குறைவு. பிரேக்கின் விசை அந்தப் பிடிமானத்தைத் தாண்டினால், சக்கரம் சுற்றுவது நின்றுவிடும்; வண்டி நிற்காது. சறுக்கும் டயர் ஹேண்டில் பேச்சையும் கேட்காது.

ஏபிஎஸ் என்ன செய்கிறது?

சக்கரத்தின் வேகத்தை சென்சார் அளந்துகொண்டே இருக்கும். வேகம் சட்டெனச் சரிந்தால், லாக் ஆகப் போகிறது என்று கண்ட்ரோல் யூனிட் புரிந்துகொள்ளும். உடனே வால்வு மூலம் பிரேக் அழுத்தத்தைக் குறைத்து, சக்கரம் சுற்றியதும் மீண்டும் கூட்டும். ஒரு நொடிக்குள் பலமுறை இது நடக்கும். லீவரில் தெரியும் துடிப்பு அதுதான். பயந்து பிரேக்கை விட்டுவிடாதீர்கள்; விட்டு விட்டு அழுத்தவும் வேண்டாம்.

எதைச் செய்யாது?

இல்லாத பிடிமானத்தை ஏபிஎஸ் உருவாக்காது. 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் சுமார் 17 மீட்டர் கடந்துவிடுவீர்கள். பிடிமானம் பாதியானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால், அது நான்கு மடங்கு. ஜல்லி, மணலில் ஏபிஎஸ் இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கூட நிற்கலாம். வளைவில் சாய்ந்தபடி பிரேக் பிடித்தால், சாதாரண ஏபிஎஸ் எப்போதும் காப்பாற்றாது.

உங்கள் வண்டியில் இருக்கிறதா?

2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய டூவீலர்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 'சிங்கிள் சேனல்' என்றால் பொதுவாக முன்சக்கரத்துக்கு மட்டும். 'டூயல் சேனல்' என்றால் இரண்டுக்கும். வண்டி நகர்ந்த பிறகும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? பிரேக் பிடிக்கும், ஆனால் ஏபிஎஸ் வேலை செய்யாமல் போகலாம். மழைக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.