சோட்டிக்கும் சீலைக்கும் நடுவிலை



புத்தாண்டு எண்டால் முதலில் நினைவுக்கு வருவது புது உடுப்புத்தான். ஆனால் நான் எழுத வந்தது விழாவுக்குக் கட்டும் பட்டுச்சீலையைப் பற்றியல்ல, மற்ற நாட்களில் உடுத்தும் சட்டையைப் பற்றி. இதிலே என்ன சரித்திரம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அம்மா கோல்டிங்கிற்கு எங்களிடம் வந்து சேர்ந்த முதல் குளிர்காலம். வீட்டுக்குள்ளே சோட்டி, வெளியே போவதென்றால் சீலை. மூன்றாவது உடுப்பு அவவிடம் இருக்கவில்லை. சீலைக்கு மேலே கோட்டும் காலுக்குக் கம்பளிச் சொக்சும் போட்டு, பனியிலே கரை நனைய ஒருநாள் கடைக்குப் போய் வந்தா. அதோடை சரி. பக்கத்து வீட்டு டெனிஷ் மனிசி கதவைத் தட்டினால், "ஐயோ, நான் சோட்டியோடை நிக்கிறன், நீ போய்த் திற பிள்ளை" என்பா. நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கதவு திறக்காது. பாஷை தெரியாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். பாதிக் காரணம் உடுப்பு என்பது பிறகுதான் விளங்கியது.

"ஒரு சட்டை தைச்சுத் தாறன் அம்மா" என்றேன்.

"உது வெள்ளைக்காரியின்ரை உடுப்பு. இந்த வயசிலை எனக்கேன்?"

அந்தப் பதில்தான் என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

ஊரிலே பூப்போட்ட பருத்தித் துணியைச் சீத்தை என்போம். சிறுவயதில் சீத்தைச் சட்டை போடாத யாழ்ப்பாணத்துப் பெட்டையள் குறைவு. அந்தச் சொல்லுக்கு உலகம் முழுக்க இனசனம் உண்டு. போர்த்துக்கேயர் சீத்தா என்றார்கள், ஒல்லாந்தர் சிட்ஸ் என்றார்கள், ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றார்கள். டெனிஷிலே சிர்ட்ஸ். எங்கள் கடலுக்கு அக்கரையில் உள்ள சோழமண்டலக் கரை அந்தத் துணிக்குப் பேர்போனது. துணியிலே பூ வரவேண்டிய இடத்திற்குப் படிகாரம் பூசி, சாயவேரோடு காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறி நிலைத்துவிடும். அந்தச் சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் கிண்டி எடுக்கப்பட்டது.

கம்பளியும் லினனும் உடுத்திய ஐரோப்பியருக்கு, பாரமில்லாத, தோய்த்தாலும் நிறம் போகாத இந்தத் துணி பெரிய அதிசயம். எல்லோரும் வாங்க, உள்ளூர் நெசவாளர் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1721இல் தடைச்சட்டம் கொண்டுவந்து 1774இல்தான் நீக்கியது.

டென்மார்க்குக்கும் இதில் பங்குண்டு. நாம் போகவர அண்ணாந்து பார்க்கும் கோல்டிங் கோட்டை 1597இல் எரிந்தபின், அதைத் திருத்திப் பெரிய கோபுரத்தைக் கட்டுவித்தவர் நான்காம் கிறிஸ்தியான் மன்னர். அதே மன்னர் காலத்திலே டெனிஷ் கப்பல்கள் 1620இல் இலங்கைக்கு வந்தன. அங்கே காரியம் சரிவரவில்லை. அந்த ஆண்டே தஞ்சாவூர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அங்கிருந்து கப்பலேறிய முக்கிய சரக்குகளில் ஒன்று பருத்தித் துணி.

இன்னொரு விஷயம். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பணக்காரர், முக்கியமாக ஆண்கள், வீட்டிலே ஆறுதலாக இருக்க ஒரு தொளதொள அங்கி போட்டார்கள். யப்பானியக் கிமோனோவையும் இந்திய அங்கியையும் பார்த்துத் தைத்தது. சீத்தையிலும் தைத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் பனியன். குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் அது. நாங்கள் பெனியன் என்பதும் அதே சொல்தான். வீட்டிலே தளர்வாக உடுத்த அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே கிழக்குத்தான் என்றால், எது வெள்ளைக்காரியின்ரை உடுப்பு?

எது எங்கடை உடுப்பு என்பதும் அவ்வளவு சுலபமான கேள்வியல்ல. எங்கள் ஊரிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை மேற்சட்டை போட விடாத காலம் இருந்தது. திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல்லாண்டு போராடி, 1859இல்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள். ஒரு உடுப்பைக் காட்டி "இதுதான் கலாசாரம்" என்போர், எந்தக் காலத்தில், யாருடைய கலாசாரம் என்றும் சொல்லவேணும்.

1942இல் அமெரிக்காவிலே கிளேர் மக்கார்டல் என்ற வடிவமைப்பாளர், வீட்டு வேலைக்கும் வெளியே போகவும் ஒருசேரப் பொருந்தும், சுற்றிக் கட்டும் சட்டையொன்றைப் பொக்கற்றும் வைத்துச் செய்தார். சோட்டிக்கும் சீலைக்கும் நடுவிலை வேண்டியது அதுதான்.

நான் அம்மாவுக்கு வெட்டியதும் அந்த நியாயத்தில்தான். கடும் நீலத்திலே சின்னப் பூப்போட்ட பருத்தித் துணி. சூடேற்றிய வீட்டுக்குள் நைலோன் வேர்க்கும், உடம்பிலே ஒட்டும். தோள்மூட்டுத் தையல் தோளிலே சரியாக இருக்கவேணும். அது சரியென்றால் மற்ற இடம் தளர்வாக இருந்தாலும் வடிவாகத் தெரியும். முழங்கைவரை கை, முழங்காலுக்குக் கீழே நீளம், முன்னுக்குப் பொத்தான். இடுப்பை இறுக்காமல் பின்னுக்கு முடியும் இரண்டு நாடா. இரண்டு பக்கமும் பொக்கற். குளிருக்கு உள்ளே மெல்லிய கம்பளியும் போடலாம்.

ஒரு கிழமையாக அது கொழுவியிலே தூங்கியது. பிறகொருநாள் நான் வேலையால் வர, அம்மா அந்தச் சட்டையோடு வாசலிலே டெனிஷ் மனிசியோடை நிக்கிறா. மனிசி பூவைத் தொட்டுத் தொட்டு ஏதோ கேட்க, அம்மா "சீத்தை, சீத்தை" எண்டு சொல்லிக்கொண்டிருந்தா.

ஆகவே உறவுகளே, இந்தச் சித்திரைக்குப் பட்டு வாங்குங்கோ, வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டிலே இருக்கிற அம்மாமாருக்கு, கதவைத் திறந்து வெளியிலே வரக்கூடிய ஒரு சட்டையும் வாங்குங்கோ. துணியும் நிறமும் அவையே தெரியட்டும்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.