ஆர்டிபியா, விஎன்சியா: ஸ்கந்தபுரத்துக் கணினிக்கு எது?

ஸ்கந்தபுரத்தில் சிம் போட்ட ரவுட்டரில் ஓடும் கணினியை, அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தம்பியோ ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவோ தூர இருந்து திருத்த நினைத்தால், ஆர்டிபியா விஎன்சியா என்றுதான் பேச்சுத் தொடங்கும். அதற்கு முன்னே ஒரு தடை உண்டு. மொபைல் இணைப்பில் பெரும்பாலும் பலர் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து போகும் அழைப்பு அந்தக் கணினியை எட்டாது. அந்தக் கணினியே வெளியிலுள்ள ஒரு சேர்வருக்கு எஸ்எஸ்எச் போட்டு, பின்னோக்கிய சுரங்கம் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். உதவுபவர் தன் பக்கமிருந்து அதே சேர்வருக்கு இன்னொரு சுரங்கம் போடுவார்.

ஆர்டிபி, விஎன்சி இரண்டும் 1998இல் வெளிவந்தவை. குணம்தான் வேறு. விஎன்சி, திரையில் மாறிய இடங்களைப் படத்துண்டுகளாக அனுப்பும். ஆர்டிபி வரைகட்டளைகளையும் அனுப்பி, ஒருமுறை போன சின்னங்களைச் சேமித்தும் வைக்கும். மெதுவான சிக்னலில் ஆர்டிபிதான் இலகுவாக ஓடும். சுரங்கம் டிசிபியை மட்டும் கொண்டுபோவதால் ஆர்டிபியின் யுடிபி வேகம் கிடைக்காது. அது பெரிய இழப்பில்லை.

பிழை பிடிப்பதில் விஎன்சி முந்துகிறது. இணைப்புக் கிடைத்ததும் விஎன்சி சேர்வர்தான் முதலில் பேசும். உதவுபவர் தன் பக்கப் போர்ட்டை டெல்நெட்டால் தொட்டால் 'ஆர்எஃப்பி 003.008' போல ஒரு வரி வரும். வந்தால் சுரங்கம் முழுதும் சரி. ஆர்டிபி சேர்வரோ நாம் பேசும்வரை வாய் திறக்காது. போர்ட் திறந்திருக்கிறது என்பதை நம்பவும் முடியாது: மறுமுனை செத்திருந்தாலும் நம் பக்க எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்றுக்கொண்டு, பிறகுதான் மூடும்.

ஆர்டிபியில் அடிக்கடி வரும் வில்லங்கம் அதன் 3389 போர்ட். உதவுபவரின் விண்டோஸிலும் ரிமோட் டெஸ்க்டொப் இயங்கினால் அந்தப் போர்ட் அவர் கணினியிடமே இருக்கும். தன்னோடு தானே இணைய முயன்று மறுக்கப்படும். சுரங்கத்தின் தன் பக்கப் போர்ட்டை 13389 என்று மாற்றினால் தீர்ந்தது. சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை சுரங்கத்தில் எதிர்பார்க்க வேண்டியதே. விஎன்சியில் டைட்விஎன்சி போன்றவை, தன் கணினியிலிருந்தே வரும் இணைப்பை இயல்பில் மறுக்கும். சுரங்கத்தால் வருவது அப்படித்தான் தெரியும். லூப்பேக் அனுமதியைப் போட்டுவிட வேண்டும்.

சிக்னல் அறுந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான். பழைய இணைப்பு செத்தது தெரியாமல் சேர்வர் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்; புதிய எஸ்எஸ்எச் இணைந்தாலும் சுரங்கம் இராது. சேர்வரில் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் வையுங்கள்.

வேகம் மட்டுமென்றால் என் வாக்கு ஆர்டிபிக்கு. ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பு அதை உள்ளே ஏற்காது. ப்ரோவிலும் எதிரே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். திருத்துவதை அவரும் பார்க்க வேண்டுமென்றால் விஎன்சிதான். பாதுகாப்பைப் பார்த்தால், விஎன்சியின் பழைய முறைக் கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துக்கே பெறுமதி. ஆர்டிபியை 2019இல் புளூகீப் ஓட்டை உலுக்கியது. எதைத் தேர்ந்தாலும் ஆர்டிபியின் 3389ஐயோ விஎன்சியின் 5900ஐயோ நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.