பாய்மரம் எத்தனை? – மரக்கல உருவமும் வரலாற்று மெய்ம்மையும்

சங்கரன்கோவில் கடல் காணாத ஊர். கரிசல் நிலத்தையும் மேற்கே தோன்றும் மலைத்தொடரையும் பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் என்பது பெரும்பாலும் ஏட்டில் கண்ட கடலே. தூத்துக்குடியின் அலையோசையைக் கேட்க வேண்டுமாயின் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். ஆயினும் நம் வட்டத்தின் கூட்டங்களில் கடலைப் பற்றிய பேச்சுக்குக் குறைவு இருந்ததில்லை. பட்டினப்பாலையை ஆராய்ந்தோம், இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைப் பாடிய கவிதைகளைக் கேட்டு மகிழ்ந்தோம். ஆகவே பத்தாம் ஆண்டு நிறைவின் நினைவாக ஒரு பாய்க்கப்பலின் உருவத்தை மரத்தில் செய்து வைக்கலாம் என்று நண்பர்கள் கருதியதில் வியப்பில்லை. ‘சோழர் கப்பல்’ என்று அதற்குப் பெயரும் முடிவாயிற்று.

வேலையை ஒப்புக்கொண்ட தச்சர் முதல் நாளிலேயே கேட்டார்: “பாய்மரம் எத்தனை வைக்கணும், சார்?” எவரும் வாய் திறக்கவில்லை. “பாய் சதுரமா, முக்கோணமா? சுக்கான் எந்தப் பக்கம் வரும்?” என்று அவர் மேலும் கேட்டார். பத்தாண்டுகளாகக் கலம் என்றும் நாவாய் என்றும் வங்கம் என்றும் பாடியும் பேசியும் வந்த நம்மிடம் ஒரு வினாவுக்கேனும் விடை இருக்கவில்லை. அவ்விடைகளைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கவிஞன் ‘கலம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கடந்துவிடலாம். படிப்போர் தத்தம் மனத்தில் ஒரு கலத்தைக் கட்டிக்கொள்வர். உருவம் செய்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் ஒரு கயிற்றைக் கட்டும்போதே, ‘இக்கயிறு இவ்விடத்தில் இருந்தது’ என்று வரலாற்றின்மீது ஆணையிட்டுச் சொல்லிவிடுகிறான். நம் ஊர்ச் சங்கரநாராயணர் திருவுருவை எண்ணிப் பாருங்கள். வலப்பாகம் சிவனுக்கும் இடப்பாகம் திருமாலுக்கும் உரியவை. மழுவை இடக்கையிலும் சங்கை வலக்கையிலும் மாற்றி வைக்கும் சிற்பியை நாம் பொறுப்போமா? தெய்வ உருவுக்கு நாம் காட்டும் இக்கண்டிப்பைக் கப்பலுக்கு மட்டும் காட்டுவதில்லை.

விழா மேடைகளிலும் அட்டைப்படங்களிலும் வரும் சோழர் கப்பலைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். மாடிவீடு போல் எழும்பிய பின்புறம், அதில் கண்ணாடிச் சாளரங்கள், பக்கவாட்டில் பீரங்கித் துளைகள், மூன்று மரங்களில் அடுக்கடுக்காய்ப் பாய்கள் – இவை யாவும் ஐரோப்பியர் கப்பலின் உறுப்புகள். புலிக்கொடி ஒன்றே சோழருடையது. இராசேந்திரனின் கடற்படையெடுப்பு நிகழ்ந்தது 1025இல். வாசுகோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498இல். இடையில் 473 ஆண்டுகள் உள்ளன. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பல கலங்களைக் கடலில் செலுத்தியதைக் கூறுகிறது. வென்ற ஊர்களை வரிசைப்படுத்துகிறது. ஆனால் அக்கலங்களின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

அவ்வாறாயின் எங்கிருந்து தொடங்குவது? அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்வதே முறை. கப்பலைப் பொறுத்தவரை அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

அண்மையில் நிற்பது ‘அன்னபூரணி’. ஈழத்து வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதனை வாங்கிப் பெயரை மாற்றினார். தமிழ் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். ஒளிப்படக் காலத்துக் கப்பல் ஆதலின் அதன் உருவத்தைச் செய்பவருக்கு ஊகம் சிறிதளவே தேவைப்படும். நம் தூத்துக்குடித் தோணிகளும் இவ்வகையினவே. தாளில் வரைபடம் இன்றி, ஓடாவிகள் கையளவாலும் கண்ணளவாலும் கட்டியவை அவை. அத்தோணித் தொழிலின் வாழ்வையும் தாழ்வையும் ஜோ டி குருஸ் தம் ‘கொற்கை’ (2009) புதினத்தில் விரித்துரைத்தார். அந்நூல் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அணியம், பருமல், ஆஞ்சான், தாமான் முதலிய சொற்கள் அகராதிக்கு வெளியே உயிரோடு வாழ்ந்த இடம் அக்கரைதான்.

இன்னும் நூறாண்டு பின்சென்றால் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியைக் காண்கிறோம். நம் பறம்பு மலைப் பாரி அல்லர். பிரான்சுவா எட்மோன் பாரி. 1829க்கும் 1840க்கும் இடையில் உலகைச் சுற்றிய பயணங்களில், இறங்கிய கரைதோறும் அந்நாட்டவரின் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் சலங்கும் தோணியும் அவ்வரைபடங்களில் இடம்பெற்றன. 1840களின் தொடக்கத்தில் அவை நூலாக வெளிவந்தன. பிற்காலத்தில் பாரிசு நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், அவ்வரைபடங்களைக் கொண்டே சிறு உருவங்களைச் செய்வித்தார். நம் கலங்களை நாம் அளந்து வைக்காத காலத்தில் அயலார் ஒருவர் அளந்து வைத்தார் என்பது நன்றிக்கும் நாணத்துக்கும் ஒருங்கே உரிய செய்தி. 1920இல் சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சார்ந்த ஜேம்ஸ் ஆர்னெல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதிய ஆய்வும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

அதற்கு முற்பட்ட காலத்துக்கு ஏட்டுச் சுவடி துணை செய்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் வெளியிட்ட ‘கப்பல் சாத்திரம்’ மரத்தின் இலக்கணத்தையும், ஏரா எனப்படும் அடிமரம் முதலியவற்றின் அளவுப் பொருத்தத்தையும், நன்மை தீமைக் குறிகளையும் செய்யுளில் கூறுகிறது. சிற்ப நூல் தெய்வ உருவுக்கு எவ்வாறோ அவ்வாறே இது கலத்துக்கு. எனினும் இது சோழர் காலத்துக்கு நூற்றாண்டுகள் பிற்பட்டது. இதன் அளவுகளை எடுத்து இராசேந்திரனின் கலத்துக்கு ஏற்றினால் பேரனின் சட்டையைப் பாட்டனுக்கு அணிவித்தது போலாகும்.

இதற்கும் அப்பால் செல்லும்போது சான்றுகள் அருகுகின்றன; மயக்கமும் மிகுகின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கலம் பொறிக்கப்பட்டுள்ளது. அசந்தாவின் 2ஆம் குகையில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கலம் தீட்டப்பட்டுள்ளது. இரண்டிலும் திசை திருப்புவதற்குத் துடுப்பே காணப்படுகிறது. பின்புறத்தின் நடுவில் பொருத்திய சுக்கான் இல்லை. ‘சுக்கான்’ என்பதே அரபுச் சொல். சொல் ஒன்றே முடிந்த சான்றாகாது. ஆனால் காசும் ஓவியமும் சொல்லும் ஒன்றையே காட்டும்போது, சங்க காலக் கலத்துக்கு நடுச் சுக்கான் வைக்கத் துணிதல் கூடாது.

வைகைக் கழிமுகத்தை அடுத்த அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓட்டிலும் ஒரு கப்பல் கீறப்பட்டுள்ளது. தமிழ் மண்ணில் கிடைத்தது ஆதலின் தமிழர் கப்பல் என்று மகிழத் தோன்றும். ஆனால் அது மூன்று பாய்மரங்கள் கொண்ட உரோமானியர் வணிகக் கப்பல் என்பது ஆய்வாளர் கருத்து. வந்து நின்ற அயலார் கலத்தை நம் கரையில் இருந்த ஒருவர் கீறி வைத்தார் போலும். பூம்புகார்க் கடலடியிலும் இத்தகையதொரு பாடம் கிடைத்தது. அங்கே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலைத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அதில் கிடைத்த ஈயக்கட்டிகளில் 1791, 1792 என்னும் ஆண்டுகள் பொறித்திருந்தன. காவிரிப்பூம்பட்டினத்துக் கடலில் கிடப்பதெல்லாம் சோழருடையது ஆகாது.

இனி நம் சொந்தப் பண்டகமாகிய இலக்கியத்துக்கு வருவோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 30ஆம் பாட்டில், கூம்பையும் மீப்பாயையும் களையாமல், ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல் ஆற்றுமுகத்துள் புகும் பெருங்கலம் வருகிறது. நாம் பலமுறை படித்த பாட்டுத்தான். தச்சரின் வினாவோடு படித்தபோது வேறாகத் தோன்றியது. ‘களையாது’ என்று புலவர் சிறப்பித்துச் சொல்வதால், முகத்துவாரத்தில் நுழையுமுன் அவற்றைக் களைவதே பொது வழக்கம் என்று கொள்ள இடமுண்டு. அங்ஙனமாயின் பாய்மரம் அசையாது நாட்டியதா, சாய்த்து இறக்கத்தக்கதா? ‘மீப்பாய்’ என்பது மேலே விரிந்த பாயா, அன்றிக் கீழ்ப்பாய்க்கு மேலாக அமைந்த வேறொரு பாயா? முன்னது ஆயின் மரத்துக்கு ஒரு பாய். பின்னது ஆயின் இரண்டு. ஓர் உருபின் பொருளில் ஒரு பாயும் அதைக் கட்டும் கயிறுகளும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பாட்டின் நயத்துக்கு இவ்வையம் ஊறு செய்யவில்லை. உருவத்துக்கோ இது தீராமல் ஒரு மரத்தையும் நட முடியாது.

சான்று குறைவு என்பதற்காக முயற்சியைக் கைவிட வேண்டுமா? இல்லை என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. சாவகத்துப் போரோபுதூர்ப் புடைப்புச் சிற்பத்தைக் கொண்டு நிக் பர்னிங்ஹாம் வடிவமைக்க, காங்கேயான் தீவின் தச்சர்கள் கட்டிய கலம் 2004இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டை அடைந்தது. நம் நாட்டில், அசந்தா ஓவியத்தை முன்னிறுத்தி 5ஆம் நூற்றாண்டுக் கலம் ஒன்றைக் கட்டும் பணி 2023இல் தொடங்கியது. கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரன் தலைமையில், பலகைகளைக் கயிற்றால் தைத்து உருவாக்கப்பட்ட அக்கலத்தின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். 2025 மே மாதம் கார்வாரில் ‘கௌண்டின்யா’ என்ற பெயருடன் கடற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு திசம்பரில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு 2026 சனவரியில் மசுகத்துத் துறையை அடைந்தது.

இதில் நாம் கற்க வேண்டியது அவர்கள் சான்றுகளைப் பகுத்துக்கொண்ட முறை. வரைபடம் எதுவும் எஞ்சாத நிலையில், வடிவத்தை ஓவியத்திலிருந்து எடுத்தனர். பலகையைச் சேர்க்கும் முறையை இன்றும் வாழும் கைத்தொழிலிலிருந்து எடுத்தனர். ஓவியமும் கைத்தொழிலும் விடை சொல்லாத இடத்தில் நீரையே கேட்டனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையில் சிறு உருவத்தை நீர்த்தொட்டியில் இட்டுச் சோதித்தனர். அச்சோதனைக்கும் ஒரு கணக்கு உண்டு. நீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கான உருவத்தை, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் செலுத்தினால்தான் அது எழுப்பும் அலை பெரிய கலத்தின் அலையை ஒக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் புரூடு வகுத்த விதி இது. ஓவியன் பிழையாகத் தீட்டியிருப்பினும் நீர் பொய் சொல்லாது. அவ்வாறு கட்டியும் அவர்கள் அதனை இன்ன மன்னனின் கப்பல் என்று கூறவில்லை. ஓவியத்தை அடியொற்றிய கலம் என்றே கூறினர்.

இவற்றை வட்டத்தின் நண்பர்களிடம் எடுத்துரைத்தபோது ஒரு கவிஞர் மனம் வருந்தினார். “சோழர் கப்பலே வேண்டாம் என்கிறீர்களா? நம் பெருமையை நாமே குறைக்கலாமா?” என்று கேட்டார். அவ்வருத்தம் நேர்மையானது, அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். 1025இன் பெருமை கல்வெட்டின்மீது நிற்கிறது. நாம் செதுக்கும் மரத்தின்மீது அன்று. பீரங்கித் துளையிட்ட ஓர் உருவத்தைச் சோழருடையது என்று நாம் காட்டினால், அறிந்த ஒருவர் அத்துளையைச் சுட்டி நகைப்பார். அடுத்து மெய்யான கல்வெட்டையும் ஐயுறுவார். பொய்யான அணிகலன் மெய்யான மேனிக்கும் இழுக்கு.

ஆதலின் என் கருத்து இது. சோழர் கலத்தைச் செய்வதை இப்போது ஒத்திவைப்போம். கடலடியிலிருந்து ஒரு நாள் சான்று கிடைக்கக்கூடும். அதனினும் பழங்காலக் கலத்தைச் செய்ய விரும்பினால் அருகே ஒரு பலகை வைத்து, இவ்வுறுப்பு காசிலிருந்து, இவ்வுறுப்பு ஓவியத்திலிருந்து, இவ்வுறுப்பு ஊகம் என்று எழுதி வைப்போம். முதற்கண் தூத்துக்குடித் தோணியைச் செய்வோம். இதற்கும் காலம் நிறைய இல்லை. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகளில் பொறி பொருத்தப்பட்டபின், பாயை மட்டுமே நம்பிக் கொழும்புக்கு ஓடிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. எந்தக் கயிறு எங்கே கட்டப்பட்டது, அதன் பெயர் யாது, எந்தக் காற்றுக்கு எது தளர்த்தப்பட்டது என்பவை அவர்கள் கையிலும் நினைவிலும் உள்ளன. ‘மீப்பாய்’ என்ற சொல்லை விளக்க முதுகண்ணன் சாத்தனார் இன்று இல்லை. ‘தாமான்’ என்ற சொல்லை விளக்க ஒரு தண்டல் இன்னும் இருக்கிறார். அவரையும் இழந்தபின், ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கலத்தைப் போலவே பாட்டன் காலத்துத் தோணியும் நமக்கு ஊகமாகிவிடும்.

தச்சர் இதற்கு இசைந்துள்ளார். அளவுகோலும் குறிப்பேடுமாக அவரோடு தூத்துக்குடிக்குச் செல்ல வட்டத்தின் அன்பர்கள் முன்வர வேண்டும். பாய்மரம் எத்தனை என்று அவர் நம்மைக் கேட்டார். அறிந்தவர்களிடம் அவரை அழைத்துச் செல்வதே நாம் அளிக்கக்கூடிய நேர்மையான விடை.