கம்பளத்தைச் சுருட்டியதும் அலறிய பையன்

அக்கா பையனுக்கு ஆட்டிசம். ரோட்டைத் தோண்டிப் போட்டு, ஸ்கூல் வேன் வேறு தெருவில் திரும்பினால் போதும், ஒரே அலறல்தான். "ரெண்டு போட்டா அடங்கிடுவான்"னு சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. இந்த 'ரெண்டு போடு' வைத்தியத்துக்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரமே இருக்குங்க. அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

1943-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆரம்பம். அதில் ஜான் என்று ஒரு பையன். வீடு மாற்றும் நாளில் ஆட்கள் வந்து அவன் அறைக் கம்பளத்தைச் சுருட்ட, பையன் துடித்துப்போய்விட்டான். புது வீட்டில் சாமான்களெல்லாம் பழையபடியே அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் பயம் போயே போச்சு. ஒவ்வொன்றையும் பாசமாகத் தட்டிக் கொடுத்தானாம். எல்லாம் அப்படியே இருக்கணும் என்கிற தவிப்பு இது, அடமில்லை என்று கேனருக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

ஆனா பாருங்க, அப்புறம் வந்தவர்கள் பழியை அம்மாக்கள் தலையில் கட்டினார்கள். பாசமில்லாத 'ஃப்ரிட்ஜ் அம்மா'வாம்! (கேனருக்கும் இதில் பங்கு உண்டு.) 1965-ல் லைஃப் பத்திரிகையில் கலிஃபோர்னியாவின் ஐவர் லோவாஸ் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை வந்தது. சொன்னபடி செய்தால் ஒரு வாய் சாப்பாடு, இல்லாவிட்டால் அறை. மின் அதிர்ச்சி கூட உண்டு. நம்ம சொந்தக்காரர்கள் பரவாயில்லை!

இத்தனைக்கும் நல்ல வழி ஒன்று கேனர் கண்முன்னாலேயே இருந்தது. அந்த 11 பேரில் முதல் ஆள் டொனால்ட் டிரிப்ளெட், மிசிசிப்பிக்காரர். 1942-ல் அவரை ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். 1945-ல் கேனர் போய்ப் பார்த்து அசந்துவிட்டார். பையன் எதையாவது அளந்துகொண்டே இருந்தானா, ஒரு கிணறு வெட்டச் சொல்லி ஆழத்தை அளக்க வைத்திருக்கிறார்கள். சோள வரிசையை ஓயாமல் எண்ணினானா, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். செத்த பறவை, பூச்சியெல்லாம் பொறுக்கியதற்கு ஒரு மூலையில் சுடுகாடு ஒதுக்கிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு நத்தைக்கும் பெயர்ப் பலகை, அதில் அந்த விவசாயியின் குடும்பப் பெயர் வேறு!

படிப்பாளிகள் அந்த இடத்துக்கு வந்து சேர நாளாயிற்று. எரிக் ஷாப்ளர், பெற்றோரையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, 1972-ல் வடக்கு கரோலினா மாநிலம் முழுவதற்கும் 'டீச்' திட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்து என்ன என்பதைப் படமாக வரிசையில் மாட்டிவிடுவது அதில் ஒரு முறை. முடிந்த வேலையின் அட்டையைக் கழற்றி உறையில் போட்டுவிடணும். வாயால் சொன்னது காற்றோடு போகும், படம் அங்கேயே நிற்குமே. 1985-ல் கார், டுராண்ட் என்ற இருவர், வளர்ச்சிக் குறைபாடுள்ள 4 குழந்தைகளிடம் இன்னொன்றைக் காட்டினார்கள். பாடம் கஷ்டமானால் ரகளை செய்யும் பிள்ளைக்கு "புரியல" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் ரகளை குறைகிறது. அலறலும் ஒரு பேச்சுதான்!

டொனால்ட் பிறகு வங்கி வேலை, கோல்ஃப், ஊர் ஊராகப் பயணம் என்று வாழ்ந்து, 2023-ல் 89 வயதில் காலமானார்.

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இப்போது 5 படம் ஒட்டியிருக்கு. வேன் வழி மாறப்போகுதுன்னு முந்தின நாளே தெரிந்தால் 6-வதாக ஒரு மஞ்சள் அட்டை. தெரியாத அன்னைக்கு இன்னமும் அலறல்தான்.